மச்சானின் விமானமும் என் வெர்னியரும்

வியாழக்கிழமை மதியம் எங்கள் விவேக் நகர் தெருவில் நடக்கவே இடம் இருக்காது. எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் வாராவாரம் நவநாள் ஜெபம். மெழுகுவர்த்தி விற்பவர்கள், செருப்பைக் காவல் காப்பவர்கள், ஆட்டோவைக் குறுக்கே நிறுத்திவிட்டு ஜெபம் பண்ணப் போனவர்கள் என்று ஊரே அங்கேதான் நிற்கும். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு வியாழக்கிழமை என் மச்சான், பழைய பெட்ஷீட்டில் சுற்றிய நாலடி நீள மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வந்து சேர்ந்தார். மல்லேஸ்வரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கண்டக்டர் உள்ளே என்ன என்று கேட்டாராம். விமானம் என்றாராம் இவர். கண்டக்டர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லையாம். பெங்களூர் கண்டக்டரை வாயடைக்க வைத்த ஒரே மனிதர் என்ற பெருமையோடு மூட்டையை எங்கள் சாப்பாட்டு மேஜையில், ரசப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். தங்கவயலில் சுரங்கம் ஓடிய காலத்தில் அவர் வைண்டிங் டிரைவராக இருந்தார். ஆட்கள் ஏறிய கூண்டை இரும்பு ரோப்பில் கட்டி ஆயிரக்கணக்கான அடி கீழே இறக்குவதும் ஏற்றுவதும் அவர் வேலை. கூண்டு அவர் கண்ணுக்குத் தெரியாது. மணி அடிக்கும், டயலில் முள் நகரும், மற்றதெல்லாம் லீவரைப் பிடித்த கைக்குத் தெரியும். சுரங்கத்தை மூடியதும் பெங்களூருக்கு வந்து, மல்லேஸ்வரத்தில் ஒரு பழைய நர்சிங் ஹோம் லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். இப்போது சர்க்கரை டெஸ்ட்டுக்கு வருகிறவர்களை மூன்றாவது மாடிக்கு ஏற்றுகிறார். இதைப் பதவி உயர்வு என்றுதான் நான் சொல்வேன். ஆட்களை பூமிக்குள் அனுப்பிக்கொண்டிருந்தவர் இப்போது மேலே அனுப்புகிறார் இல்லையா.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தேன். அடுத்தவன் செய்த வேலையில் குறை கண்டுபிடிப்பதற்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தார்கள். வீட்டில் அதையே இலவசமாகச் செய்தேன், யாரும் பாராட்டவில்லை. ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்தி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அது நாளுக்கு நாலு நிமிஷம் பின்தங்குகிறது. நான் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணாமல் அந்தக் கம்பெனிக்குள் வந்த ஒரே பொருள் அதுதான் என்று நினைக்கிறேன்.

பெட்ஷீட்டைப் பிரித்ததும் வீடு முழுக்க விளக்கெண்ணெய் வாடை. காலேஜில் படிக்கும்போது, என்.சி.சி. விமானப் பிரிவில் கேடட்டாக இருந்த நாட்களில், மச்சான் தன் கையால் கட்டிய விமானம் அது. பால்சா மரச் சட்டம், மேலே ஒட்டிய மெல்லிய காகிதம் பழுத்துப்போய் அங்கங்கே கிழிந்திருந்தது. வாலில் ஒரு மூலையை எலி தின்றிருந்தது. மூக்கில் கட்டைவிரல் அளவு டீசல் எஞ்சின், துருப்பிடித்து இறுகிவிட்டது. என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து அதன் முதுகைத் தடவினாள். மச்சான் அதைப் பறக்கவிடுகிறபோது, கிளம்பும்வரை பிடித்துக்கொண்டு நிற்பது அவள்தானாம். கல்யாணமாகி முப்பது வருடத்தில் இதை என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

மச்சான் விஷயத்துக்கு வந்தார். கண்ணில் அழுத்தம் என்று இரண்டு வருடமாகச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். பார்வை ஓரத்திலிருந்து குறைந்துகொண்டே வருகிறது, போனது திரும்பாது என்று டாக்டர் அந்த வாரம் சொல்லிவிட்டாராம். நடுவில் மட்டும், குழாய் வழியாகப் பார்ப்பதுபோல, தெரிகிறதாம். அதுவும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாதாம். இதையெல்லாம் யாருக்கோ நடந்த சங்கதிபோலச் சொல்லிவிட்டு, ரசத்தைக் கலக்கி ஊற்றிக்கொண்டார்.

"இத ஒரு தபா பறக்க வுடணும் மாப்ள," என்றார். "கண்ணு தெரியறப்பவே பாத்துடணும்."

என் மனைவி எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். அடுத்த நிமிஷமே என் கை, அளவெடுக்கிற வெர்னியரைத் தேடிப் போனது. துக்கத்தை நான் அளந்துதான் பழக்கம்.

துருவை எடுத்தாலும் பழைய எஞ்சினை ஓட்ட ஈதர் வேண்டும். அதோடு மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்ற வேண்டும். மருந்துக் கடையில் ஈதர் கேட்டேன். கடைக்காரர் என்னையும், நான் எடுத்து வந்த பையையும், பிறகு மறுபடி என்னையும் பார்த்தார். எதற்கும் டாக்டர் சீட்டோடு வாருங்கள் என்றார். அதனால் விமானத்தை மின்சாரத்துக்கு மாற்றுவதென்று முடிவாயிற்று. மச்சானுக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. சத்தமே போடாமல் பறப்பதற்கு அது என்ன ஆந்தையா என்று கேட்டார். ஆந்தைக்காவது கண் நன்றாகத் தெரியும் என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். எனக்கும் நல்ல குணம் உண்டு, யாருக்கும் தெரிவதில்லை.

இது ரிமோட்டில் பறக்கிற விமானம் இல்லை. பறக்கவிடுகிறவர் மைதானத்தின் நடுவில் ஒரு கைப்பிடியைப் பிடித்து நிற்பார். கைப்பிடியிலிருந்து ஐம்பதடி நீளத்துக்கு இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் போய், இடது இறக்கைக்குள் நுழைந்து, வாலை அசைக்கும். விமானம் அவரைச் சுற்றிச் சுற்றி வட்டமடிக்கும். கையை மேலே சாய்த்தால் ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். கம்பி விறைப்பாக இருக்கிறவரைதான் கை சொல்வது வாலுக்குப் போய்ச் சேரும். இவ்வளவுதான் இதில் விஞ்ஞானம். இவ்வளவையும் மச்சான் அன்றே சொல்லிவிட்டார். நானும் தலையாட்டிக் கேட்டேன்.

மறுநாள் விமானத்தை மேஜையில் கிடத்தி இன்ஸ்பெக்‌ஷனை ஆரம்பித்தேன். கம்பெனியில் மிச்சமான பழைய படிவம் ஒன்று கிடைத்தது. அளக்க அளக்க எனக்குப் பரம சந்தோஷம். இடது இறக்கை வலதைவிட இருபத்தாறு மில்லிமீட்டர் நீளம். எஞ்சினைப் பொருத்தும் கட்டை வலப்பக்கம் இரண்டு டிகிரி திரும்பியிருந்தது. வாலில் செங்குத்தாக நிற்கும் பலகையும் வலப்பக்கம் வளைந்திருந்தது. இரண்டு விரல் நுனியில் விமானத்தைத் தாங்கிப் பார்த்தால் வலது இறக்கை தொங்கியது. பிரித்துப் பார்த்தால் அதன் நுனிக்குள் ஒரு ஈயத்துண்டு, பசை போட்டு ஒட்டியிருந்தது. தூண்டிலில் கட்டுகிற ஈயம். எப்படியோ உள்ளே விழுந்திருக்கிறது, எடுக்கச் சோம்பல்பட்டு அப்படியே ஒட்டிவிட்டார் என்று முடிவு கட்டினேன். பத்தொன்பது வயதுப் பையன் தங்கவயலில் குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்து பிளேடால் செதுக்கியது வேறு எப்படி இருக்கும்? இத்தனை கோணலோடு இது பறந்தது என்பதே ஆச்சரியம் என்று படிவத்தின் அடியில் எழுதி வைத்தேன்.

இங்கேதான் என் பெருந்தன்மை வேலை செய்தது. இதையெல்லாம் மச்சானிடம் சொல்லி, கண் போகிற காலத்தில் அவர் மனதை நோகடிப்பானேன்? சத்தமில்லாமல் எல்லாவற்றையும் நேராக்கிக் கொடுத்துவிடுவோம் என்று தீர்மானித்தேன். பீன்யாவிலும் எங்கள் முறை அதுதான். கோணலான சாமான்மேல் சிவப்புப் பெயிண்ட்டால் ஒரு புள்ளி வைப்போம், அது ரிஜெக்ட் டிரேக்குப் போய்விடும். ஏன் இப்படிச் செய்தாய் என்று ஆபரேட்டரைக் கேட்கிற வழக்கம் கிடையாது. கேட்டால் அவன் காரணம் சொல்வான். காரணத்தையெல்லாம் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தால் ஒன்றையும் ரிஜெக்ட் பண்ண முடியாது.

இரண்டு மாதம் சாப்பாட்டு மேஜை தொழிற்சாலையாக இருந்தது. நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். மூக்குக் கட்டை வருடக்கணக்கில் எண்ணெய் குடித்து ஊறிப்போயிருந்தது. சோளமாவை அப்பி வைத்து, ஊறியதைச் சுரண்டி, மறுபடி அப்பி, ஒரு வாரத்தில் எண்ணெயை எடுத்தேன். சோளமாவு சூப்புக்கு வாங்கியது என்று என் மனைவி ஞாபகப்படுத்தினாள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் வரிசையாக இருக்கிற எஸ்.பி. ரோட்டில் மோட்டார் வாங்கப் போனேன். ட்ரோனுக்கா சார் என்று கேட்டார்கள். இல்லை என்றதும் அவர்களுக்கு என்மேல் இருந்த மரியாதை போய்விட்டது. மோட்டார் வந்தது, பேட்டரி வந்தது, பொத்தானை அழுத்தினால் முப்பது விநாடி கழித்து மோட்டாரை ஓடவைத்து, நாலு நிமிஷத்தில் நிறுத்திவிடுகிற சின்ன டைமர் ஒன்றும் வந்தது. முதல் முறை ஓட்டியபோது காற்று முன்பக்கம் அடித்தது. மூன்று ஒயரில் இரண்டை மாற்றிப் போட்டதும் சரியாயிற்று. மச்சானையும் இப்படி மாற்றிப் போட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வகை பேட்டரி சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கலாம் என்று இணையத்தில் ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். நான் பழைய பிரஷர் குக்கரில் கேஸ்கட்டைக் கழற்றிவிட்டு, பேட்டரியை அதற்குள் வைத்து, துணி துவைக்கிற கல்மேல் சார்ஜ் போட்டேன். எத்தனை விசில் என்று என் மனைவி வந்து கேட்டுவிட்டுப் போனாள்.

காகிதத்துக்குப் பதிலாகச் சூடு காட்டினால் ஒட்டிக்கொள்ளும் சிவப்பு பிளாஸ்டிக் தாள் போட்டேன். அவளுடைய இஸ்திரிப் பெட்டியால்தான் தேய்த்தேன். அடுத்த ஞாயிறு கோயிலுக்கு அவள் கட்டிய வெள்ளைப் புடவையில் இடுப்பிலிருந்து கால்வரை ஒரு சிவப்புக் கோடு. பூசை முழுவதும் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

மூக்குக் கட்டையை நான் அரம் போட்டு நேராக்கிக்கொண்டிருந்தபோது அவள் காபியோடு வந்து நின்றாள். அண்ணன் அதை அப்படித் திருப்பித்தான் வைத்திருந்தார் என்றாள். உன் அண்ணன் நிறைய விஷயத்தை அப்படித்தான் வைத்திருக்கிறார், எல்லாவற்றுக்கும் என்னிடம் நேரமில்லை, இதை மட்டுமாவது சரி பண்ணுகிறேன் என்றேன். அவள் காபியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் ஜோக்கடித்து ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இடது இறக்கையை இருபத்தாறு மில்லிமீட்டர் வெட்டினேன். வால் பலகையை நிமிர்த்தினேன். ஈயத்தைப் பிடுங்கி அலமாரியில் போட்டேன். முடித்தபோது விரல் நுனியில் விமானம் தராசு முள்போல நின்றது. முப்பத்தோரு வருட வாழ்க்கையில் இவ்வளவு நேரான சாமானை நான் பார்த்ததே இல்லை.

ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிறு காலை, வீட்டுக்குப் பக்கத்து மைதானத்துக்குப் போனோம். கிரிக்கெட் ஆட வந்தவர்கள் ஒரு மூலையை விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்கு ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். மச்சான் விமானத்தைக் கையில் வாங்கி முகத்துக்கு நேரே வைத்து, தலையை மெல்லத் திருப்பித் திருப்பி, குழாய்ப் பார்வையில் துண்டு துண்டாக அதைப் பார்த்தார். சிவப்பு நல்லா இருக்குது என்றார். மூக்கைக் கவனிக்கவில்லை. பார்வை சரியாக இருந்திருந்தால் கவனித்திருப்பார். பிறகு நடுவில் போய் நின்று கைப்பிடியை எடுத்தார். என் மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விமானத்தை வாலருகே பிடித்துக் குந்தினாள். நான் பொத்தானை அழுத்திவிட்டு ஓரத்துக்கு ஓடினேன்.

விமானம் கிளம்பி ஓடி, ஏறியது. கால் வட்டம் அழகாகப் போயிற்று. அப்புறம் ஒரு சின்னக் காற்று வீசியது. மூக்கு உள்பக்கம் திரும்பியது. கம்பிகள் தொய்ந்தன. மச்சான் கையை மேலே சாய்த்தார், கீழே சாய்த்தார், கம்பியை விறைப்பாக்கப் பின்பக்கமாக ஓடினார். ஒன்றும் நடக்கவில்லை. விமானம் அவர் தலைக்கு மேலேயே வந்து, தோளை உரசிக்கொண்டு, பின்னால் தரையில் குத்தியது. கிரிக்கெட் ஆடியவர்கள் கை தட்டினார்கள். அது வித்தையின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

மச்சான் கைப்பிடியைக் கீழே போடவில்லை. அதைப் பிடித்திருந்த தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் கைதான் மாப்ள," என்றார். "கண்ணு போனா போவட்டும்னு இருந்தேன். கையும் போயிடுச்சு. இத்தோட வுட்டுரு."

நான் ஆறுதல் சொன்னேன். வயதானால் அப்படித்தான், பரவாயில்லை என்று கூடச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

வீட்டுக்கு வந்து உடைந்த இறக்கையை மேஜையில் வைத்தபோதுதான் என் மனைவி பேசினாள். அன்று அவள் குரலில் கேலி இல்லை.

"கம்பி தொய்ஞ்சா செத்தோம்னு அண்ணன் அப்பவே சொல்லும். வெளியப் பாத்து இழுத்துனே இருக்கணும்னுதான் மூக்கத் திருப்பி வச்சிது. ஈயத்த ஒட்டுனப்ப பசை டப்பாவப் புடிச்சது நான்தான். நான் சொன்னேன், நீங்க கேக்கல."

உட்கார்ந்து யோசித்தேன். மூக்கு வலப்பக்கம், அதாவது வட்டத்துக்கு வெளியே, திரும்பியிருந்தால் விமானம் வட்டத்தை விட்டு வெளியே போகப் பார்க்கும், கம்பி விறைக்கும். வால் வளைந்திருந்ததும் அதற்குத்தான். வட்டத்தின் உள்பக்கம் இருக்கிற இடது இறக்கை மெதுவாகச் சுற்றுகிறது, தூக்கும் பலம் குறைவு, அதனால் நீளம் அதிகம். கம்பியின் எடை இடப்பக்கம் இழுக்கிறது, அதற்கு ஈடாக வலப்பக்கம் ஈயம். நான் எழுதிய ஒவ்வொரு குறையும் ஒரு காரணத்தோடு இருந்தது. அந்தப் பத்தொன்பது வயதுப் பையன் எல்லாவற்றையும் யோசித்துத்தான் கோணலாக வைத்திருக்கிறான். அத்தனை கோணலையும் ஒன்று விடாமல் கண்டுபிடித்த பெருமை என்னுடையது. அத்தனையையும் ஒழித்துக்கட்டியதும் நான்தான்.

இதை அன்றைக்கே மச்சானிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒரு போன் பண்ணினால் போதும். ஆனால் முப்பத்தோரு வருடத்தில் நான் ஒரு ரிப்போர்ட்டைக்கூடத் திரும்பப் பெற்றதில்லை. முதல் வாரம், நேரில் சொல்வதுதான் மரியாதை என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம், விமானத்தைச் சரிசெய்துவிட்டுச் சொல்வோம் என்றேன். மச்சான் வியாழக்கிழமைகளில் வருவதை நிறுத்தினார். கேட்டால் லிஃப்டுக்கு மாற்று ஆள் இல்லை, லீவு கிடைக்கவில்லை என்றார். என் மனைவி அவருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடவில்லை. நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்று மட்டும், ஒவ்வொரு வியாழக்கிழமையும் தட்டில் சோற்றைப் போடும்போது சொன்னாள். அப்படி ஏழு வியாழக்கிழமை போயின.

எட்டாவது வாரம் மல்லேஸ்வரத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்கு லிஃப்டைவிட மோசமான இடம் உலகத்தில் கிடையாது. வாயைத் திறக்கும்போதெல்லாம் கதவும் திறந்தது. ஒருவர் எக்ஸ்ரே கவரோடு ஏறினார், ஒரு அம்மா முட்டிவலியோடு இறங்கினார். மச்சான் எண்களைப் பார்க்காமலே பொத்தானைத் தொட்டு அழுத்திக்கொண்டிருந்தார். மூன்று தடவை மேலே போய் மூன்று தடவை கீழே வந்த பிறகு, நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம்.

"மச்சான், அன்னைக்கு விழுந்தது உங்க கையால இல்ல," என்றேன். "கோணலா இருக்குதுன்னு எல்லாத்தையும் நான் நேராக்கிட்டேன். உங்கள ஒரு வார்த்த கேக்கல."

அவர் திரும்பவில்லை. மூக்கையுமா என்று கேட்டார். மூக்கையும் என்றேன். ரெக்கையை என்ன செய்தாய் என்றார். வெட்டிவிட்டேன் என்றேன். ஈயம் எங்கே என்றார். அலமாரியில் இருக்கிறது என்றேன். இரண்டாவது மாடியில் கதவு திறந்தது, யாரும் இல்லை, மூடிக்கொண்டது. அப்புறம் அவர் சிரிக்க ஆரம்பித்தார். ஸ்டூலே ஆடுகிற மாதிரி சிரித்தார்.

"பீன்யாலயும் இப்பிடித்தானா மாப்ள? முப்பத்தோரு வருசம், யாரையும் ஒரு வார்த்த கேக்காம?"

ரிஜெக்ட் டிரேயோடு என் மேஜை முன்னால் வந்து நின்று, ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே திரும்பிப்போன முகங்கள் ஞாபகம் வந்தன. அதற்குள் மச்சானின் சிரிப்பு நின்றுவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு மாசமா இந்தக் கையப் பாத்துனே குந்தினு இருக்கேன் மாப்ள," என்றார். "லிஃப்ட் பட்டன அமுக்கறப்பகூடப் பயமா இருந்துச்சு."

என் வாழ்க்கையில் யார் சொன்னதும் என்னை இந்த அளவுக்குச் சுட்டதில்லை.

அன்று மாலையே வேலையை ஆரம்பித்தேன். ஆனால் அந்த வாரம் மழையும் ஆரம்பித்தது. அந்த வருடம் பெங்களூர் மழைக்கு நிற்கத் தெரியவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஏழு வாரமும் வெயில் காய்ந்தது. வாயைத் திறந்த பிறகு ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று மைதானம் குளமாகக் கிடந்தது. உட்கார்ந்து, எடுத்ததையெல்லாம் திருப்பி வைத்தேன். மூக்கை வெளியே இரண்டு டிகிரி கோணலாக்கினேன். இடது இறக்கைக்கு இருபத்தாறு மில்லிமீட்டர் சேர்த்தேன். வால் பலகையை வளைத்தேன். கோணலைத் துல்லியமாகச் செய்வதற்கு அளவெடுத்த இன்ஸ்பெக்டர் இந்தியாவிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். ஈயத்தை ஒட்டும்போது என் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வந்து பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டாள். மச்சான் மறுபடி வியாழக்கிழமைகளில் வந்தார். ஒவ்வொரு தடவையும் மூக்கைத் தடவிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். செப்டம்பர் வரைக்கும் கண்ணாலும் பார்த்தார், பிறகு தடவ மட்டும் செய்தார். அக்டோபரில் லிஃப்ட் வேலையையும் விட்டுவிட்டார்.

நவம்பரில் ஒரு ஞாயிறு காலை, மழை போய் வானம் வெளுத்திருந்தது. மைதானத்தின் நடுவரைக்கும் அவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனேன். வெளிச்சம் தெரிகிறது, விமானம் தெரியாது என்று அவரே சொன்னார். வேண்டாமென்றால் நான் பிடிக்கட்டுமா என்று கேட்டேன். கைப்பிடியைத் தா என்றார். என் மனைவி பழையபடி விமானத்தைப் பிடித்துக் குந்தினாள். பொத்தானை அழுத்திவிட்டு இந்த முறை நான் ஓரத்துக்கு ஓடாமல் மச்சானின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். விமானம் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வருவதாக ஏற்பாடு.

கிளம்பியது. கோயில் பக்கம், மரத்துப் பக்கம், பஸ் ஸ்டாப் பக்கம் என்று நான் கத்திக்கொண்டே அவரோடு சுற்றினேன். இரண்டு சுற்றில் எனக்குத் தலை கிறுகிறுத்தது. மூன்றாவது சுற்றில் அவர் சொன்னார்.

"சும்மா இரு மாப்ள. கையில தெரியுது."

எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார். இரண்டு கம்பியும் விறைத்து, வெயிலில் மின்னிக்கொண்டு நின்றன. விமானம் தலைமட்டத்தில் போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் அவர் மணிக்கட்டு லேசாக நிமிர்ந்தது. விமானம் ஏறி, வானத்தில் முதுகைக் காட்டிக் கவிழ்ந்து, ஒரு முழுக் குட்டிக்கரணம் போட்டு, விட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. நாலு நிமிஷத்தில் மோட்டார் அடங்கியது. கம்பியின் இழுப்பு குறைவதை அவர் கை வாங்கிக்கொண்டது. மெல்ல, மிக மெல்ல, கூண்டை அடித்தளத்தில் இறக்குகிற மாதிரி இறக்கினார். இரண்டு தடவை துள்ளி நின்றது.

மச்சான் கைப்பிடியை மார்போடு வைத்துக்கொண்டு, தங்கச்சி ஓடிவருகிற சத்தம் கேட்ட பக்கமாகத் திரும்பினார். பார்க்க எப்படியிருந்தது என்று கேட்டார். அவள் மூச்சு வாங்கியபடி சொல்ல ஆரம்பித்தாள். சிவப்பு, வெயில் பட்டபோது உள்ளே இருக்கிற சட்டமெல்லாம் தெரிந்தது, குட்டிக்கரணம் போட்டபோது காகம் ஒன்று பயந்து ஓடியது என்று சொன்னாள். அவர் முகத்தைக் கொஞ்சம் தவறான திசையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கேட்டார். ஏப்ரலில் இதையெல்லாம் அவர் தன் கண்ணாலேயே பார்த்திருக்கலாம். அவர் அதைச் சொல்லவில்லை. எப்போதும் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"நேரா போச்சுண்ணே," என்று முடித்தாள் என் மனைவி. "சுத்தமா நேரா போச்சு."

வட்டமாகத்தான் போயிற்று, அதுவும் மூக்கை வெளியே திருப்பிக்கொண்டு. நான் திருத்தவில்லை.